ஃபுல் பேண்ட்டும் ஒண்ணாம் நம்பர் ஜெர்சியும்

எனக்கு கிரிக்கெட் மேல் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்த பிறகு யாரும் கண்டுபிடித்துவிட்டதாகப் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். முப்பது வருடத்துக்கு மேல் புதுச்சேரிக்குத் தெற்கே பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் அரசுப் பள்ளிப் பெண்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுத்தவள் நான். ஊரில் எனக்குப் பெயரே பி.டி. டீச்சர்தான். கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படித்தான் எழுதித் தருவார்கள்.

நான் ஓய்வு பெற்ற இடத்துக்கு வந்திருக்கும் பெண் சரண்யா. உடற்கல்வி ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். போனில் கேட்டாள். "டீச்சர், நம்ம பக்கம் கிரிக்கெட்ட தாண்டி ஃபுட்பால் மேல வருமா? உங்க அனுபவத்த வெச்சி எழுதிக் குடுங்க."

அவள் கேட்ட நேரத்தில் என் வீட்டுக்காரர் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் முடிந்துபோன ஆட்டம். ஜெயித்தது யார் என்று தெரிந்தே உட்கார்ந்து பார்க்கிறார். "வருமான்னு தெரியலம்மா, எரிச்சல் வருது" என்று சொல்லிவிட்டுத்தான் ஒத்துக்கொண்டேன்.

புதுச்சேரி டவுனைப் பற்றிச் சிலர் பெருமையாகப் பேசுவார்கள். அங்கே பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் சொல்தா குடும்பங்கள் உண்டு. சொல்தா என்றால் பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்தவர்கள். உலகக் கோப்பை வந்தால் அந்த வீட்டு மாடிகளில் பிரான்ஸ் கொடி பறக்கும். பத்திரிகைக்காரர்கள் படம் பிடித்து, புதுச்சேரிக்கே கால்பந்து ஜுரம் என்று போடுவார்கள். அந்த ஜுரம் அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை.

உடற்கல்விப் படிப்பை முடித்துவிட்டு, கழுத்தில் விசிலோடு நான் இந்தப் பள்ளிக்கு வந்தபோது ஆண்பிள்ளைகளிடம் கிரிக்கெட் கிட் இருந்தது. பெண்களுக்கு கோ-கோ. ஸ்டோர் ரூமில் யாரும் தொடாமல் இரண்டு ஃபுட்பால் காற்றிறங்கிக் கிடந்தன. பையன்கள் வேண்டாம் என்று தள்ளியது அது. அதை எடுத்துத்தான் என் பெண்களுக்குக் கொடுத்தேன். கிரிக்கெட் பையன்களுடையது, ஃபுட்பால் எங்களுடையது என்று ஒரு பாகப்பிரிவினை தானாகவே நடந்துவிட்டது. பையன்கள் ஆடும்போது ஊரே நின்று பார்க்கும். நாங்கள் ஆடும்போது கட்டிவைத்த மாடு பார்க்கும். அப்போதும் வயிறு எரிந்ததுதான். ஆனாலும் பெண்கள் என்னிடம் இருந்தார்கள். அந்த ஒரு தெம்பு இருந்தது.

எங்கள் பக்கத்தில் பெண்களை ஃபுட்பாலுக்குச் சேர்ப்பது மைதானத்தில் நடக்கிற வேலை இல்லை. பள்ளி திறந்ததும் சாயங்காலங்களில் வீடு வீடாகப் போக வேண்டும். முதலில் அம்மாவிடம் பேச வேண்டும். கொடுத்த தண்ணீரை வேண்டாம் என்று சொல்லாமல் குடிக்க வேண்டும். அப்பா வரும்வரை நாற்காலியில் உட்காரக் கூடாது. அவர் வந்து "உக்காருங்க டீச்சர்" என்று சொன்னால் பாதிக் காரியம் முடிந்தது. முக்கியமானது, ஷார்ட்ஸ் என்ற வார்த்தையை முதல் நாள் வாயில் எடுக்கவே கூடாது. "டிரெஸ் ஸ்கூல்லயே குடுத்துடுவோம்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஷார்ட்ஸைக் கண்ணால் பார்த்த பிறகு வருகிற சண்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வினோதினி வீட்டில் அந்தச் சண்டை முதல் நாளே வந்தது. அவளுடைய அப்பா தனசேகர் கரும்பு போடுகிறவர். விஷயம் தெரிந்த ஆள்.

"டீச்சர், டவுசரு போட்டுக்கினு தொட தெரிய ஓடுறதா? எங்க வூட்ல அதெல்லாம் ஆவாது. ஃபுல் பேண்ட்டு போட்டு ஆடுறதுனா அனுப்புறேன்."

ஃபுட்பால் விதியில் ஃபுல் பேண்ட் போட்டு ஆட ஒருத்தருக்குத்தான் அனுமதி உண்டு. கோல் கீப்பர். எங்கள் பேச்சில் கோலி. அந்தப் பெண்ணுக்கு நல்ல ஓட்டம். முன்னால் நின்று கோல் போட வேண்டியவள். அப்பாவின் மானத்துக்காக அவளைப் பின்னால் கொண்டுபோய் போஸ்ட்டுக்கு நடுவில் நிறுத்தினேன். மனசே இல்லாமல்தான் செய்தேன்.

ஆனால் என்ன கை! பந்து அவளிடம் போகிறதா, அவள் பந்திடம் போகிறாளா என்று சொல்ல முடியாது. பக்கவாட்டில் பாய்ந்து ஒற்றைக் கையால் இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்வாள். ஒண்ணாம் நம்பர் ஜெர்சியைத் துவைக்கக்கூட என்னிடம் தரமாட்டாள். அவளே வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்து இஸ்திரி போட்டு எடுத்து வருவாள். என் சர்வீஸில் அப்படி ஒரு கோலி எனக்கு அமைந்ததே இல்லை. அவள் மேல் எனக்குக் கர்வம் இருந்தது.

அப்போதுதான் பெண்கள் கிரிக்கெட் டிவிக்கு வந்தது.

பையன்கள் கிரிக்கெட்டை நான் பொறுத்துக்கொண்டேன். இது என் வீட்டுக்குள் புகுந்து என் தட்டில் கை வைத்த மாதிரி இருந்தது. பெண்களை ஏலத்தில் எடுத்தார்கள். ஏலம் எடுத்ததையும் டிவியில் காட்டினார்கள். மதகடிப்பட்டு பக்கம் தனியார் ஒருத்தர் பெண்களுக்கு கிரிக்கெட் கேம்ப் ஆரம்பித்தார். ஊர் ஊராக வேன் வந்தது. நான் வீட்டுக்கு வீடு போய்த் தண்ணீர் குடித்துக் கெஞ்சிச் சேர்த்த பெண்களை அந்த வேன் ஹார்ன் அடித்துக் கூப்பிட்டது. ஒரு அப்பாகூட ஏன் என்று கேட்கவில்லை. கிரிக்கெட்டுக்கு ஃபுல் பேண்ட். முழுக்கை பனியன். தலைக்குத் தொப்பி வேறு. முப்பது வருஷமாக நான் பிடித்துத் தள்ளியும் திறக்காத கதவு ஒரு பேண்ட்டுக்குத் திறந்துகொண்டது.

என்னுடைய கடைசி வருடம் அது. மண்டலப் போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டிய நேரத்தில் தலைமையாசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

அவர் கணக்கு வாத்தியார். நல்ல மனிதர். யாருக்கும் முடியாது என்று சொல்லாதவர். எதைக் கேட்டாலும் "பாக்கலாம்மா" என்பார். சொல்லிக்கொண்டே மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, ஊதி, சட்டை நுனியால் துடைப்பார். துடைத்த கண்ணாடியை மேசைமேல் வைத்தால் காரியம் ஆகும். திரும்பவும் மூக்கில் மாட்டிக்கொண்டால் ஆகாது. லீவு கேட்க உள்ளே போய் வருகிற ஆசிரியர்களிடம் நாங்கள் "மேசையா, மூக்கா?" என்றுதான் விசாரிப்போம்.

"டீச்சர், நம்ம கிரவுண்டு நடுவுல கிரிக்கெட்டுக்கு சிமெண்ட் பிட்ச் போட்டுத் தரேன்னு ஒருத்தர் வந்திருக்காரு. கேர்ள்ஸே கேக்குறாங்க. நீங்களும் ரிடையர் ஆகப்போறீங்க. ஃபுட்பாலுக்கு டீமே இல்லன்னா அந்த போஸ்ட்டு ரெண்டும் சும்மாதானே நிக்கும்?"

"மண்டலப் போட்டில டீம் இறங்கும் சார். இறங்குச்சுனா போஸ்ட்ட புடுங்கக் கூடாது."

"பாக்கலாம்மா." ஊதினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். அந்த போஸ்ட்டுகள் இரும்புக் குழாயில் பற்றவைத்தவை. வருஷா வருஷம் வெள்ளைப் பெயின்ட் நான்தான் அடிப்பேன். மைதானத்தின் நடுவில் சிமெண்ட் வந்துவிட்டால் பிறகு அதன்மேல் எந்தப் பெண்ணும் ஃபுட்பால் ஆட முடியாது. விழுந்தால் முட்டி பெயர்ந்துவிடும். எனக்குப் பின்னால் வருகிறவளுக்கு விசில் இருக்கும், மைதானம் இருக்காது.

பத்துப் பெண்களின் பெயரை எழுதிக்கொடுத்தேன். எங்கள் பள்ளி மைதானத்திலேயே சனிக்கிழமை மதியம் ஆட்டம். வீராம்பட்டினம் பக்கத்துப் பெண்களோடு. கடற்கரை மணலில் ஓடி ஓடிக் கால் இரும்பான பெண்கள் அவர்கள். ஜெயிப்பேன் என்ற ஆசையெல்லாம் எனக்கு இல்லை. டீம் இறங்கினால் போதும்.

அதே சனிக்கிழமை காலையில் கிரிக்கெட் கேம்ப்பில் செலக்‌ஷன் வைத்தார்கள். என் பத்துப் பேரில் நான்கு பேர் போகிறார்கள் என்று தெரிந்தது. அதில் வினோதினியும் ஒருத்தி.

தனசேகர் வீட்டுக்கு மறுபடியும் போனேன். இந்த முறை அவரே நாற்காலி எடுத்துப் போட்டார். உட்கார்ந்ததும் போனை நீட்டினார். அதில் யாரோ ஒரு பெண் சிக்ஸர் அடித்துக்கொண்டிருந்தாள்.

"பாருங்க டீச்சர், இன்னா அடி! உலகமே பாக்குது."

"தம்பி, சனிக்கிழம மதியம் ஒரே ஒரு மேட்ச்சு. வினோதினி இல்லன்னா என் டீம் இறங்காது."

"தப்பா நெனைக்காதீங்க. உங்க ஆட்டத்துல இன்னா இருக்குது சொல்லுங்க? இது மானமான ஆட்டம். டீசன்ட்டா ஃபுல் பேண்ட்டு போட்டுக்கினு ஆடுறாளுங்கோ. நாளைக்கி டிவில வருவா."

"எங்கிட்டயும் அவ ஃபுல் பேண்ட்டுலதான் தம்பி ஆடுனா."

"அவ சரி. மத்ததுங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வினோதினி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளைப் பார்த்தே கேட்டேன். "நீ இன்னாடி சொல்ற?"

"நான் அங்க போறேன் டீச்சர்" என்றாள். தரையைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் தடுமாறாமல் சொன்னாள். இஸ்திரி போட்ட ஜெர்சியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கேம்ப்பையும் அந்த வேனையும் திட்டிக்கொண்டே ஸ்கூட்டி ஓட்டினேன். கரும்பு லாரிக்காரன் ஒருத்தன் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து முறைத்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை மதியம் என்னிடம் ஆறு பேர் இருந்தார்கள். ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டத்தைத் தொடங்கவே விதி இடம் தராது. நடுவராக வந்தவர் டவுன்காரர், கண்டிப்பானவர். எல்லாப் பெண்களையும் வரிசையாக நிறுத்திக் கை நகம் பார்த்தார், ஷூவின் அடிப்பக்கம் பார்த்தார். கம்மல், மூக்குத்தி, கொலுசு, வளையல் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. கழற்றியதையெல்லாம் என் டிபன் பாக்ஸில் போட்டு மூடி மடியில் வைத்துக்கொள்வது வழக்கம். எத்தனையோ வருஷமாக மேட்ச் நாளில் அந்த டப்பாவில் நான் சோறு கொண்டுபோனதில்லை. கிரிக்கெட்டில் கம்மலோடு ஆடலாமாம். அதற்கும் எனக்குப் பொறாமைதான்.

"ஏழாவது ஆள் எங்க மேடம்? கொஞ்ச நேரம் வெயிட் பண்றேன். அப்புறம் அவங்களுக்கு வெற்றி குடுத்துடுவேன்" என்றார் நடுவர்.

தலைமையாசிரியர் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

அப்போது கேட்டுக்கு வெளியே அந்த வேன் நின்றது. கலைவாணி இறங்கினாள். காலையில் செலக்‌ஷனுக்குப் போன நால்வரில் ஒருத்தி. மற்ற மூன்று பேரையும் எடுத்துக்கொண்டு இவளை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் டீமில் ஆள் குறையாமல் இருந்த நாட்களில் எப்போதாவது மாற்று ஆட்டக்காரியாக இறங்கிய சாதாரணப் பெண். புது கிரிக்கெட் பேண்ட், கண்ணெல்லாம் வீங்கி, மூக்கு சிவந்து, வீட்டுக்குப் போகப் பயந்துகொண்டு கேட்டைப் பிடித்தபடி நின்றாள்.

நான் ஓடினேன். அந்த வயதில் அப்படி ஓடுவேன் என்று எனக்கே தெரியாது.

"கலை, வாடி! பேரு லிஸ்ட்ல இருக்குது. கம்மல கழட்டு."

"டீச்சர், ஷார்ட்ஸ் வூட்ல இருக்குது."

"ஃபுல் பேண்ட்டே போதும். நீ கோலி."

"நானா? நான் நின்னதே இல்லயே டீச்சர்."

"காலையிலேந்து இன்னா பண்ண?"

"கேட்ச் புடிச்சேன்."

"அதையே புடி."

ஒண்ணாம் நம்பர் ஜெர்சியை அவள் தலைவழியாக நானே மாட்டினேன். அழுகை நிற்காமலேயே போஸ்ட்டுக்கு நடுவில் போய் நின்றாள்.

ஏழு பேர், பதினொரு பேருக்கு எதிராக. அது ஆட்டமே இல்லை, முற்றுகை. வீராம்பட்டினம் பெண்கள் அலை மாதிரி வந்துகொண்டே இருந்தார்கள். என்னுடைய ஆறு பேரும் முன்னால் போகவே இல்லை. ஆனால் கலைவாணி பிடித்தாள். காலை முழுக்க வெயிலில் கேட்ச் பிடித்துப் பழகிய சூடு கையில் அப்படியே இருந்தது. செலக்‌ஷனில் கிடைக்காத ஆத்திரத்தையெல்லாம் பந்தின் மேல் காட்டினாள். மேலே வந்ததைப் பிடித்தாள். இடுப்புக்கு வந்ததைப் பிடித்தாள். ஒவ்வொரு முறையும் நான் ஓரத்தில் நின்று "உதைடி, தூரமா உதைடி" என்று கத்தினேன். உதைத்தாள்.

பக்கத்தில் அறுவடை முடிந்த வயலில் பையன்களுக்கு டென்னிஸ் பால் கிரிக்கெட் டோர்னமென்ட் நடந்துகொண்டிருந்தது. அவர்கள் இடைவேளையில் எங்கள் காம்பவுண்ட் சுவரின் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். ஃபுட்பாலுக்கு இவ்வளவு கூட்டத்தை நான் கண்டதே இல்லை. "கலை! கலை!" என்று கத்தினார்கள். ஒருத்தன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

ஆட்டம் முடியப்போகிற நேரம். கோல் எதுவும் விழவில்லை. அவர்களுடைய கேப்டன் ஒரு அடி அடித்தாள். மூலையைப் பார்த்துப் போன பந்து. கலைவாணி பாய்ந்தாள். வினோதினிகூட அப்படிப் பாய்ந்ததில்லை. ஒற்றைக் கையால் பிடித்து, மண்ணில் புரண்டு, பந்தோடு எழுந்தாள். சுவரே அதிர்ந்தது.

எழுந்தவள் பந்தை வானத்தில் தூக்கிப் போட்டாள்.

கிரிக்கெட்டில் கேட்ச் பிடித்தால் அப்படித்தான் செய்வார்கள். பிடித்தவுடன் ஆள் அவுட், பந்து செத்தது, தூக்கிப் போட்டுக் கொண்டாட வேண்டியதுதான். இவளும் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு தோழிகளைப் பார்த்து ஓடினாள். பந்து மேலே போய்க் கீழே இறங்கி, போஸ்ட்டுக்கு முன்னால் ஒரு குதி குதித்தது. வீராம்பட்டினம் பெண் ஒருத்தி என்ன நடக்கிறது என்றே புரியாமல் கொஞ்சம் நின்றாள். பிறகு மெதுவாகக் காலால் தட்டி உள்ளே தள்ளினாள். நடுவர் விசில் ஊதிக் கோல் என்று கையைக் காட்டினார்.

தோற்றோம். சுவர்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் இரண்டு பேர் கீழே விழுந்தார்கள். கலைவாணி முகத்தை மூடிக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. கிரிக்கெட்மேல் வந்தது. பெண்களைத்தான் கொண்டுபோனது என்று பார்த்தால், கடைசி நேரத்தில் என் மைதானத்துக்குள்ளேயே வந்து கோலும் போட்டுவிட்டுப் போகிறதே என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த வீடியோ பாகூர் முழுக்கப் போய்விட்டது. பஸ்ஸில் பார்த்தார்கள், டீக்கடையில் பார்த்தார்கள், வில்லியனூரில் இருக்கும் என் நாத்தனார் எனக்கே அனுப்பி, "இது உங்க ஸ்கூலா அண்ணி?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் கிரிக்கெட்டை நிறுத்திவிட்டு இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "தூக்கிப் போட்டது உடு. புடிச்சத பாரு! இன்னா புடி!" என்றார். முப்பது வருஷத்தில் அவர் ஃபுட்பாலைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் கூப்பிட்டார். போனில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"மேலதிகாரி போன் பண்ணாரு டீச்சர். நம்ம ஸ்கூல்ல பொண்ணுங்க ஃபுட்பால் ஆடுறாங்களான்னு கேட்டாரு. அவருக்கே தெரியல பாருங்க."

"டீம் இறங்குச்சு சார்" என்றேன்.

"பாக்கலாம்மா." கண்ணாடியைக் கழற்றினார். ஊதினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மேசைமேல் வைத்தார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மைதானத்துக்கு ஆறாவது, ஏழாவது படிக்கிற பெண்கள் ஒரு கும்பலாக வந்து நின்றார்கள். "பந்து தூக்கிப் போட்ட அக்கா"வைப் பார்க்க வந்தார்களாம். கலைவாணிக்குக் கூச்சம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். ஒண்ணாம் நம்பர் ஜெர்சியோடு போஸ்ட்டில் சாய்ந்து நின்று அவர்களைப் பந்து உதைக்கச் சொல்லிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்த பந்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

நான் ஓரத்தில் நின்றிருந்தேன். பின்னால் வந்து நின்றது வினோதினி. கிரிக்கெட் உடையில் இருந்தாள்.

"கேம்ப்பு எப்பிடிடி இருக்குது?"

"அங்க மூணு கீப்பரு டீச்சர். எனக்கு இன்னும் கிளவுஸே குடுக்கல. தண்ணி எடுத்துக்கினு போறேன்."

"குடுப்பாங்க. உன் கை அப்பிடி."

அவள் அதைக் கேட்கவில்லை. போஸ்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது என் ஜெர்சி டீச்சர்."

"நீதான் திருப்பிக் குடுத்த."

"நான் இல்லன்னா ஒடனே ஆளு வெச்சிடுவீங்களா? அவளுக்கு இன்னா தெரியும்? புடிச்சி தூக்கிப் போடுறா. ஊரே அவளத்தான் பேசுது. அந்தப் பந்த நான் புடிச்சிருப்பேன் டீச்சர். புடிச்சி வெச்சிருப்பேன்."

உதடு துடித்தது. கண் சிவந்திருந்தது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பையன்கள் ஆட ஊரே நின்று பார்த்த ஒவ்வொரு சாயங்காலமும் என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

"போயி கேளு. குடுத்தா வாங்கிக்க" என்றேன்.

"குடுப்பாளா?"

"எனக்குத் தெரிஞ்சி குடுக்க மாட்டா."

காலை உதறிக்கொண்டு போஸ்ட்டை நோக்கி நடந்தாள். ஃபுல் பேண்ட்டில்தான்.

சரண்யா, வருமா என்று கேட்டாய். எனக்கு ஜோசியம் தெரியாது. போஸ்ட்டுக்கு இந்த வருஷம் பெயின்ட் நீதான் அடிக்க வேண்டும். முப்பது வருஷமாக நான்தான் கிரிக்கெட்டைப் பார்த்து வயிறு எரிந்துகொண்டிருந்தேன். கிரிக்கெட்டிலிருந்து வந்து ஃபுட்பாலைப் பார்த்து ஒருத்தி வயிறு எரிந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். வீட்டுக்குப் போய் மீன்குழம்பு ஊற்றி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைக்கக்கூடச் சொல்லவில்லை.